கல்லு வைத்த கரை

கடல் நன்றாக வற்றியிருந்த ஒரு காலை. என் அக்கா பிலோமினா நைற்றியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகிக்கொண்டு, கெண்டைக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். தோளில் பனையோலையால் இழைத்த பறி. அதற்குள் ஒரு மட்டிகூட இல்லை.

அவளுக்கு முன்னால் பச்சை வலை. கரையில் தொடங்கிக் கடலுக்குள் போய், வளைந்து, திரும்பவும் கரைக்கே வந்து சேரும் வலை. தடி நட்டு, தடிக்குத் தடி இழுத்துக் கட்டியிருந்தார்கள். வலைக்கு அங்கால் கிடந்ததும் அதே கடல்தான். அத்தான் செத்த வருடத்திலிருந்து அக்கா மட்டி கிளறி வந்த அதே சேறுதான்.

"மாமி, அங்கால நில்லுங்கோ! உள்ளுக்க வரப்படாது எண்டு சொல்லியிருக்கினம்!"

வலைக்கு நடுவே, தண்ணீரில் கால் ஊன்றி நின்ற காவல் கொட்டிலிலிருந்து கத்தியவன் யூட். எங்கள் ஊர்ப் பெடியன். அவனுடைய ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நின்று, அவனைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலுக்குள் போனவள் என் அக்கா. இன்றைக்கு அவன் அவளுக்கு எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறான்.

நான் வாயைத் திறந்தேன். என் வாய் எப்படிப்பட்டது என்று இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பாதி ஆயுள் பஸ் ஓட்டியவன் நான். வீதியில் குறுக்கே வந்த மாட்டுக்கு ஒரு ஏச்சு, மாட்டுக்காரனுக்கு வேறொரு ஏச்சு என்று தனித்தனியாக வைத்திருந்தேன். யூட்டுக்கும் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா கையை நீட்டி என்னை மறித்தாள். அவள் யூட்டைப் பார்க்கவில்லை. அவனுடைய காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டிலின் தட்டைத் தாங்கியபடி ஒரு நீளமான கறுத்த மரம் குறுக்கே கிடந்தது.

"செபஸ்தி," என்றாள். "உது என்ர தீராந்தியெல்லே?"

துரை சொன்ன பொழுதுபோக்கு

அந்தத் தீராந்தியின் கதைக்கு வருகிறேன். அதற்கு முதல், கரையில் பொறுக்குவது என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். பிறகு நடந்த கூட்டமொன்றில் ஒரு அதிகாரி அதைப் 'பொழுதுபோக்கு' என்று சொன்னார். கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வள்ளம் கொண்டு கடலுக்குப் போவது ஒரு தொழில். கரையில் பொறுக்குவது அதுவல்ல. அதற்கு இயந்திரம் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், முதலாளி வேண்டாம். கடல் வற்றுகிற நேரம் தெரிந்தால் போதும். மிச்சம் எல்லாம் காலும் கண்ணும்.

ஈரமணலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தால், அதற்குக் கீழே மட்டி மூச்சு விடுகிறது என்று அர்த்தம். தண்ணீருக்குள் கண் உதவாது. குதிக்காலை ஊன்றி மெல்லச் சுழற்ற வேண்டும். சேற்றுக்குள் ஒரு முடிச்சு மாதிரித் தட்டுப்படும். குனிந்து கையை விட்டால் குளிர்ந்த ஓடு கைக்குள் வரும். எத்தனை தரம் எடுத்தாலும் அந்த முதல் மட்டியைத் தொடுகிற நேரம் எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷம் வரும். ஓய்வு பெற்ற கிழவன் நான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்கக்கூடாது. இழுத்து இழுத்துத்தான் நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்து படுத்திருக்கிற திருக்கை அப்போதுதான் விலகிப்போகும். மிதித்தால் முள்ளால் குத்திவிடும், மூன்று நாள் அம்மா அப்பா என்று கத்த வேண்டியதுதான். எங்கள் ஊர்ப் பெண்கள் சந்தைக்குள்ளும் அப்படிக் காலை இழுத்து நடக்கிறார்கள் என்று பஸ்ஸில் ஏறுகிற பட்டணத்துக்காரர் பகிடி பண்ணுவார்கள். நான் கண்ணாடியில் அவர்களை ஒரு பார்வை பார்ப்பேன்.

மட்டியைக் கடல்தண்ணீரிலேயே ஊற வைத்து மணலைக் கக்க விட வேண்டும். பிறகு அவித்தால் ஒவ்வொன்றாக வாயைத் திறக்கும். அக்கா சதையைத் தனியே எடுத்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டு வறை வறுப்பாள். அவித்த தண்ணீரைக் கொட்டமாட்டாள், அதில் சொதி வைப்பாள். அந்த வறையையும் சொதியையும் புட்டோடு சாப்பிட்டவனுக்கு 'பொழுதுபோக்கு' என்ற சொல் வாயில் வராது.

அக்காவுக்கு மகள் பிரான்ஸில் இருக்கிறாள். மாதாமாதம் அனுப்புகிறாள், நல்ல பிள்ளை. "பிறகேன் இந்தச் சேத்துக்க கிடந்து சாகிறாய்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"மகளிட்ட வாங்கினா, சுகமா இருக்கிறன் எண்டு ரெலிபோனில சிரிச்சுக்கொண்டு சொல்ல வேணும். கடலிட்ட வாங்கினா சமைச்சாப் போதும்," என்றாள் அவள்.

இடதுகால் செருப்புகள்

மட்டி மட்டுமில்லை. எங்கள் கரைக்குக் கடல் என்னென்னவெல்லாம் கொண்டு வந்து போடும்! சோளகக் காற்றுக்கு வருகிற சாமான் வேறு, வாடைக்கு வருகிற சாமான் வேறு. வலை மிதவை, கயிறு, விறகு, சோகி, ஊரி என்கிற சின்னச் சிப்பிகள், இந்தியாக் கரையிலிருந்து மிதந்து வந்த சவர்க்காரப் பெட்டி, மூடி கழலாத ஊறுகாய்ப் போத்தல். ஊறுகாயை நான் திறந்து மணந்து பார்த்தேன். நல்லாகத்தான் இருந்தது. மனுசி விடவில்லை.

செருப்பு வரும். ஆனால் எங்கள் கரைக்கு வருவது அநேகமாக இடதுகால் செருப்புத்தான். வலதுகால் எங்கே போகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நெடுந்தீவில் கல்யாணம் கட்டியிருக்கிற ஒரு சிநேகிதன், தங்கள் பக்கம் வலதுகால்தான் ஒதுங்குகிறது என்று சத்தியம் பண்ணினான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு செருப்புக்கடை போடலாம் என்று குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்று சிரித்தோம்.

அக்காவின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று காலும் ஒரு பனங்குற்றியும் உள்ள பிளாஸ்ரிக் கதிரை ஒன்று நிற்கிறது. அதுவும் கடல் தந்ததுதான். வீட்டுக்கு வருகிற சுவாமியாரை அதில்தான் இருத்துவாள். அவரும் ஒருபக்கம் சாய்ந்துகொண்டு தேத்தண்ணி குடிப்பார்.

கல்லின் சட்டம்

கண்ட எல்லாவற்றையும் அந்த நேரமே தூக்கிக்கொண்டு வர ஏலாது. பொருள் பாரமாக இருக்கும், அல்லது பறி நிறைந்திருக்கும். அப்போது அதைத் தண்ணீர் எட்டாத மேட்டுக்கு இழுத்துவிட்டு, மேலே ஒரு முருகைக்கல்லைத் தூக்கி வைப்போம். கரை முழுக்க அந்தக் கல்தான் கிடக்கிறது, தேடத் தேவையில்லை.

கல்லு வைத்தால் முடிந்தது. அந்தப் பொருள் ஒருவருக்குச் சொந்தம். ஒரு கிழமை கிடக்கலாம், ஒரு மாதம் கிடக்கலாம். ஒருத்தரும் தொடமாட்டார்கள். பெருவெள்ளம் வந்து கல்லைத் தட்டிவிட்டால் மட்டும் அது திரும்பவும் கடலின் பொருள்.

இன்னொன்றும் உண்டு. கல்லு யாருடையது என்று கேட்கவும் கூடாது. "உந்தக் கல்லு ஆற்ற?" என்று ஒருவன் கேட்டால், அவனுக்கு அந்தப் பொருளில் ஒரு கண் என்றுதான் ஊர் நினைக்கும். கேட்டவனுக்குத்தான் மானக்கேடு. ஆகவே பார்ப்போம், சுற்றிக்கொண்டு போவோம்.

ஒருமுறை பிள்ளையார் சிலை ஒன்று ஒதுங்கியது. அங்காலைக் கரையில் யாரோ கடலில் கரைத்த சிலை, தும்பிக்கை பாதி கரைந்து போயிருந்தது. கண்டது அக்கா. வேதக்காரப் பொம்பிளை, கையில் செபமாலை, முன்னால் பிள்ளையார். சைவக்காரரான தோட்டக்காரர் பகுதிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர்கள் வரும் வரைக்கும் வேறு யாரும் எடுக்காமல் கல்லு வைக்க வேண்டும். "சாமிக்கு மேல கல்லு வைக்கலாமோ?" என்று கரையில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள். கடைசியில் பக்கத்தில் வைத்தாள். தோட்டக்காரர் கற்பூரத்தோடு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் அக்கா வீட்டுக்கு ஒரு வாழைக்குலை வந்தது.

சண்டைக் காலத்தில் ஊரே எழும்பி ஓடியது. வருடக்கணக்காய் அலைந்து திரும்பி வந்து நாங்கள் கரையில் முதல் தரம் நடந்தபோது, தாழம்பற்றைக்குப் பக்கத்தில் ஒரு தகர ட்ரம் கிடந்தது. துருப்பிடித்து, அடி கழன்று, ஒன்றுக்கும் உதவாத ட்ரம். மேலே ஒரு கல்லு இருந்தது. வைத்தவர் கனடாவில் இருக்கிறாரோ, முள்ளிவாய்க்காலில் போனாரோ, தெரியாது. அக்கா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நானும் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

நாங்கள் அப்படிப்பட்ட சனம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக் கல்

வாடைக்காற்று ஓய்ந்த பிறகு கரை நெடுகச் சாதாளை ஒதுங்கிக் குவியும். கடலுக்குள் வளர்கிற புல்தான். காய்ந்தால் தோட்டத்துக்கு நல்ல பசளை. உள்ளூர்த் தோட்டக்காரர் வந்து குவியலுக்குக் கல்லு வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் வந்து அள்ளுவார்கள்.

இந்தமுறை ஒரு நாள் காலை பார்த்தால், சாதாளைக் குவியல்கள் மேலே நெடுகக் கல்லு. ஒவ்வொரு கல்லின் உச்சியிலும் சிவப்புப் பெயின்ற். முதல்நாள் யாரோ காற்சட்டை போட்ட ஆட்கள் நாடா பிடித்து அளந்துகொண்டு திரிந்ததைச் சில பெண்கள் கண்டிருந்தார்கள். தோட்டக்காரரின் பிள்ளைகளாக்கும் என்று நினைத்தார்கள்.

"உவையளுக்கு வந்த மிடுக்கைப் பாருங்கோவன். கல்லுக்கும் பூச்சுப் பூசி வச்சிருக்கினம்," என்று மட்டிக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒருத்தரும் தொடவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? கேட்டால் மானக்கேடல்லவா? கிழமைக்கணக்காக அந்தச் சிவப்புக் கல்லுகளைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். சாதாளை காய்ந்து பொடியாகிப் பறந்தது, அள்ள ஒருத்தரும் வரவில்லை. அப்போதும் நாங்கள், பாவம் தோட்டக்காரருக்கு என்ன கரைச்சலோ என்றுதான் யோசித்தோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடதுகால் செருப்பால்.

கோயில் திருநாள் கிழமை வந்தது. கொடியேறினால் எங்கள் ஊரில் கடலுக்கும் போகமாட்டார்கள், கரைக்கும் போகமாட்டார்கள். நவநாளும் சோடனையும் சமையலுமாக இருந்துவிட்டு, கொடி இறக்கிய மறுநாள் அக்காவும் நானும் கரைக்குப் போனோம். அந்தக் காலையைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். சிவப்புக் கல்லு கிடந்த வரிசையில் தடி நின்றது. தடியில் வலை நின்றது. கடலட்டைப் பண்ணை.

கடலட்டையை எங்கள் குசினிகள் கண்டதே இல்லை. அவித்துக் காயவைத்துக் கப்பலேற்றி எங்கேயோ சாப்பிடுகிறார்களாம். சாப்பிடட்டும், நான் குறை சொல்லவில்லை. அதற்கு எங்கள் மட்டிச் சேறுதானா கிடைத்தது என்றுதான் கேட்கிறேன். பெடியங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஓம், கிடைத்திருக்கிறது. யூட்டுக்குத் தன் ஞானத்தாயை மறிக்கிற வேலை கிடைத்திருக்கிறது.

தீராந்தி

இப்போது அந்த மரம். கூரையைத் தாங்கக் குறுக்கே போடுகிற நீளமான மரத்தைத் தீராந்தி என்போம். அக்காவின் குசினியில் இருந்த தீராந்தியைக் கறையான் தின்றுவிட்டது. ஓடு ஒருபக்கம் இறங்கிப்போய், மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

திருநாளுக்குக் கொஞ்சம் முதல்தான் கடல் அந்த மரத்தைக் கொண்டு வந்து போட்டது. எந்தக் கப்பலில் இருந்து விழுந்ததோ, உப்பில் ஊறிக் கறுத்து, தட்டினால் இரும்பு மாதிரிச் சத்தம். அக்கா அதைத் தடவிப் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேருமாக மேட்டுக்கு உருட்டினோம். அக்கா தானே ஒரு கல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தாள். தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்த வட்டக் கல்லு. லான்ட்மாஸ்ரர்க்காரன் திருநாள் முடிய வருகிறேன் என்றான். அவசரமில்லை, கல்லு வைத்தாயிற்று.

அந்த மரத்துக்கு மேலேதான் யூட் குந்தியிருந்தான்.

"தம்பி யூட்," என்று அக்கா கூப்பிட்டாள். அவள் கத்தவில்லை. "அந்த மரத்துக்கு மேல ஒரு கல்லு இருந்ததோ?"

யூட் தட்டில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுற்றத் தொடங்கினான்.

"இருந்ததோ இல்லையோ?"

"இருந்தது மாமி."

"எடுத்தது ஆர்?"

"மனேச்சர் எடுத்தெறியச் சொன்னவர்."

"சொன்னது அவர். எறிஞ்சது ஆர்?"

அவன் குனிந்து தன் ரெலிபோனைப் பார்த்தான். எனக்குத் தலைக்குள் கொதித்தது. "அட கோதாரி விழுவானே! நீயோடா எறிஞ்சனி? இந்தக் கரையில பிறந்து வளர்ந்த நீயோ?" என்று நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. அவன் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மனேச்சருக்கு அழைப்பு எடுத்தான்.

மனேச்சர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பட்டணத்துப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அம்மா, கோவிக்காதேங்கோ. மரம் சும்மா கிடந்தது எண்டு எடுத்தம். நாங்கள் ஒளிச்சு ஒண்டும் செய்யேல்லை. எல்லைக்குக் கல்லு வச்சு எத்தினை கிழமை கிடந்தது? உங்கட ஆக்கள் ஆரும் ஒரு கல்லைத் தொட்டவையோ? ஏனெண்டு ஒரு சொல்லுக் கேட்டவையோ? விருப்பமில்லாட்டி அப்பவே தூக்கி எறிஞ்சிருப்பினம்தானே. சனத்துக்குச் சம்மதம் எண்டுதான் நாங்கள் அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தனாங்கள்."

சம்மதம்! நாங்கள் அடுத்தவனின் கல்லு என்று சுற்றிக்கொண்டு நடந்த ஒவ்வொரு அடியையும் அவர்கள் சம்மதம் என்று எடுத்துவிட்டார்கள். அவர்கள் கல்லை நாங்கள் மதித்தது சம்மதம். எங்கள் கல்லை அவர்கள் எறிந்தது என்ன? அதற்கு ஒரு பெயர் சொல்லுங்கோ என்று நான் கேட்டேன். அப்படி நல்ல தமிழில் கேட்கவில்லை. கேட்ட மாதிரி இங்கே எழுதினால் ஆசிரியர் இந்தத் தொடரையே நிறுத்திவிடுவார்.

நான் கத்தி முடித்துத் திரும்பிப் பார்த்தால் அக்கா பக்கத்தில் இல்லை. கரையேறி, தடிக்குக் கீழே கிடந்த முதல் சிவப்புக் கல்லுக்கு முன்னால் நின்றாள். நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள். குனிந்து அதைத் தூக்கிப் பறிக்குள் போட்டாள்.

கையை நைற்றியில் துடைத்தாள். என் அக்கா ஷெல் விழும்போதும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்தவள். அன்றைக்கு ஒரு கல்லைத் தொட்ட கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

நான் ஓடிப்போய் அடுத்த கல்லுக்குக் குனிந்தேன்.

"நீ தொடாதை," என்றாள். "ஒராள் செய்யிற பாவம் போதும்."

பறி பாரம் தாங்காததால் பலதரம் வீட்டுக்கும் கரைக்குமாக நடந்தாள். மனேச்சர் ரெலிபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். யூட் கொட்டிலில் மறுபக்கம் திரும்பி இருந்தான். வெயில் ஏறும்போது கரையில் ஒரு சிவப்புக் கல்லும் இல்லை. வலை மட்டும் அப்படியே நின்றது.

கூட்டம்

பிறகு பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மேசைக்கு அங்கால் அதிகாரி, பக்கத்தில் மனேச்சர். இங்கால் நாங்கள், பெண்கள்தான் அதிகம். கரையில் பொறுக்குவது பொழுதுபோக்கு, பண்ணை என்றால் வருமானம் என்று அதிகாரி அந்தக் கூட்டத்தில்தான் விளக்கினார். மட்டிக்குப் போகிறவர்களுக்காக வலையோரம் ஒரு ஒற்றையடிப் பாதை விடலாம் என்றார். மட்டி அந்தப் பாதையில் வந்து வரிசையில் நிற்குமாக்கும் என்று நான் சொன்னேன். என்னை இருக்கச் சொன்னார்கள்.

மனேச்சர் எழும்பி, எல்லைக் கல்லைக் களவெடுத்திருக்கிறார்கள் என்றார். படத்தைக் காட்டினார்.

எங்கள் ஊரில் எவரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லி ஏசலாம், கல்லெடுத்தவள் என்று சொல்லக்கூடாது. பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அக்கா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் எழும்பினாள்.

"இதில இருக்கிறது நீங்களோ அம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம். நான்தான் எடுத்தனான்."

"அது இன்னொருத்தற்ற சொத்தெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும் ஐயா. தெரிஞ்சபடியாத்தான் அவ்வளவு நாளும் ஒருத்தரும் தொடேல்லை."

அக்கா மனேச்சரின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உம்மட கல்லில ஒண்டும் குறையேல்லை. என்ர குசினி வாசலில அடுக்கி வச்சிருக்கிறன். எப்ப வேணுமெண்டாலும் வந்து பாத்து எடும். அதுக்கு முதல் நீர் ஒண்டு சொல்லும். என்ர கல்லு எங்க?"

மனேச்சர் சிரித்தார். கடலுக்குள் எறிந்த ஒரு கல்லை யார் கேட்பார்கள் என்று நினைத்திருப்பார். பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் ஏதோ பதில் சொல்லப்போகிறார் என்று. பார்த்துக்கொண்டே இருந்ததில் அவருடைய சிரிப்பு நின்றது. விசாரித்துச் சொல்கிறோம் என்று அதிகாரி கூட்டத்தைக் கலைத்தார். இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குசினி வாசல்

களவென்று பண்ணைக்காரர் பொலிசுக்குப் போகவில்லை. கல்லை எடுக்கவும் ஒருத்தரும் வரவில்லை. வலை வந்த பிறகு அவர்களுக்குக் கல்லெதற்கு? அக்காவின் குசினி வாசலில் அவை அடுக்கியபடியே கிடக்கின்றன. கோழிகள் ஏறி நிற்கின்றன.

இந்த மாரிக்கு மழை பிடித்துக்கொண்டது. கறையான் தின்ற பக்கம் இன்னும் இறங்கி, அடுப்புக்கு நேரே ஒழுகத் தொடங்கியது. நான் ஏணி வைத்து ஏறி ஓட்டுக்கு மேலே தரப்பாளை விரித்தேன். காற்று விடவில்லை, ஒருபக்கம் பிடித்தால் மறுபக்கம் கிளம்பியது. பாரம் வைக்க வேண்டும்.

கீழே இறங்கினேன். வாசலில் நல்ல கனமான கல்லு, அடுக்கடுக்காக. இரண்டைத் தூக்கினேன்.

"செபஸ்தி! வை அதை!"

அடுப்புக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றாள் அக்கா, கையில் அகப்பையோடு.

"உனக்கென்ன விசரோ?" என்று நான் கத்தினேன். "கரையைப் பிடிச்சாங்கள், மரத்தைக் கொண்டு போனாங்கள், உன்னைக் கள்ளி எண்டும் சொன்னாங்கள். அவங்கட கல்லை வச்சு நீ பூசை செய்யப் போறியோ?"

"அது மற்றாக்களின்ர கல்லு," என்றாள். "எடுத்து வச்சிருக்கிறன், அவ்வளவுதான். பாவிக்க ஏலாது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மனேச்சரை ஏசினேன், அதிகாரியை ஏசினேன், அக்காவையும் ஏசினேன், ஏசி ஏசி அந்த இரண்டு கல்லையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். பிறகு தலையில் ஒரு உரப்பையைப் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழைக்குள் கரைக்கு நடந்தேன். கொட்டிலுக்குள் யூட் நனையாமல் குந்தியிருந்தான், அக்காவின் தீராந்தி அவனைத் தாங்கிக்கொண்டு நின்றது. அவன் என்னைக் கண்டு எழும்பினான், நான் பார்க்கவில்லை. வலைக்கு இங்கால் குனிந்து, ஒருத்தரும் எந்தப் பொருளுக்கு மேலும் வைக்காத நாலு கல்லைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன்.